ஆக்குவோரும் ஆடுவோரும்

கணினி விளையாட்டைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரொன்றிற் கட்டுரை எழுதுவதா என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் ஒதுக்கப்பட்ட பக்கங்களிற் கைத்தொலைபேசியிலே துப்பாக்கி சுடும் பொழுதுபோக்குக்கு இடமேது என்பது அவர்தம் வினா. இன்னொரு சாரார் இதனைப் பேசலாம் என்பர். ஆயின் ‘அடிமைத்தனம்’ என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடுவர். பெற்றோரின் கவலை பொய்யென்று நாம் கூறவரவில்லை. ஆனால் ஒரு பொருளை நோயாக மட்டுமே நோக்குவோர், அப்பொருளை யார் ஆக்குகின்றனர், அதன் விதிகளை யார் வகுக்கின்றனர், வகுப்போர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற வினாக்களை ஒருபோதும் எழுப்புவதில்லை. இக்கட்டுரை அவ்வினாக்களையே எழுப்ப முனைகின்றது.

வன்னிப் பெருநிலப்பரப்பிலே 2009க்குப் பின்னர்தான் கைத்தொலைபேசி வலையமைப்புகள் பரவலாயின. தொலைபேசி என்பதையே காணாது வளர்ந்தவர்களின் பிள்ளைகள், இன்று முல்லைத்தீவிலும் மாங்குளத்திலும் செட்டிகுளத்திலும் இருந்துகொண்டு சிங்கப்பூரிலோ மும்பாயிலோ உள்ள வழங்கிகளோடு இணைந்து, முகமறியாத பிறநாட்டாரோடு அணிசேர்ந்து ஆடுகின்றனர். பிறீ ஃபயர், பப்ஜி என்னும் பெயர்களை அறியாத பதினைந்து வயதுப் பையனைக் கிளிநொச்சியிற் காண்பது அரிது. றீலோட் போடும் கடைகளிலே ‘வைரம்’ வாங்குவது புகையிரதச் சீட்டு வாங்குவது போல் இயல்பாகிவிட்டது. காசு கைமாறுகிறது, நேரம் கைமாறுகிறது, மதிப்பும் அவமானமும் கைமாறுகின்றன. இவ்வளவும் கைமாறும் இடத்திலே ஒருபக்கத்தார் மட்டும் பேசுவர், மறுபக்கத்தார் கேட்டுக்கொள்ளவேண்டும் என்ற ஏற்பாட்டை நாம் ஏன் இயல்பானதாகக் கொள்ளவேண்டும்?

‘கம்பனி செய்த பண்டம், பிடித்தால் ஆடு, பிடிக்காவிட்டால் விடு’ என்பது இதற்குப் பொதுவாகக் கூறப்படும் மறுமொழி. கணினித் துறை மாணவரிடத்தில் இதே கருத்துச் சற்றுப் படித்த தோரணையில் வெளிப்படும். ஆடுவோருக்குத் தமக்கு என்ன வேண்டுமென்று தெரியாது. ஆக்குநரிடம் தரவு இருக்கிறது. தரவைப் பார்த்தாற் போதும், ஆளைக் கேட்க வேண்டியதில்லை என்பர். இவ்விரு கூற்றும் ஒரே பிழையிற் பிறந்தவை. இணைய விளையாட்டை உழவு இயந்திரம் போன்ற ஒரு பண்டமாக அவை கருதுகின்றன. உழவு இயந்திரத்தை வாங்கியவன் வீட்டுக்குக் கொண்டுபோன பின்னர், அதைச் செய்த தொழிற்சாலை இரவோடிரவாக வந்து அதன் கியரை மாற்றிவிட்டுப் போவதில்லை. இணைய விளையாட்டிலோ அதுவே நாளாந்த நடைமுறை. நேற்று வலிமையாயிருந்த ஆயுதம் இன்று வலுவிழக்கின்றது. நேற்றுக் காசு கொடுத்துப் பெற்ற பொருள் இன்று பயனற்றதாகின்றது. மேலும் அவ்விளையாட்டின் பெறுமதியிற் பெரும்பகுதி ஆடுவோரே ஆக்கியது. எதிராளி இல்லாத போட்டிக்களம் வெறும் படம். ஆகவே அதனை இயந்திரத்தோடன்றிக் குளத்தோடு ஒப்பிடுவதே பொருத்தம்.

குளம் என்றதும் இரணைமடுவே நினைவுக்கு வருகின்றது. அதனைக் கட்டியது அரசாங்கம். கதவுகளின் திறப்பு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். ஆயினும் எந்தப் பொறியியலாளரும் தாம் நினைத்த நாளிலே வாய்க்காலுக்கு நீர் விட்டுவிட முடியாது. காலபோகமாயினும் சிறுபோகமாயினும் விதைப்புக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடவேண்டும். 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமே அத்தகைய கூட்டத்துக்கு இடம் வகுத்தது. மாவட்டச் செயலாளர் தலைமை தாங்குவார்; பொறியியலாளர் குளத்திலுள்ள நீரின் அளவைக் கூறுவார்; கமக்கார அமைப்பினர் எழுந்து கேட்பர். முதல் நீர் திறக்கும் நாள் எது, விதைப்பை முடிக்கவேண்டிய நாள் எது, வாய்க்காலை எந்நாளுக்குள் துப்புரவாக்குவது, கால்நடைகளை எப்போது வயற்புறத்திலிருந்து அகற்றுவது, நீர் குறைந்த ஆண்டிலே எத்தனை ஏக்கருக்குச் சிறுபோகம் என்பனவெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். தீர்மானமானதன் பின் அதனை மீறும் விவசாயி குற்றவாளியே.

இக்கூட்டங்களை நாம் பொற்கால ஓவியமாகத் தீட்டவில்லை. உரக்கப் பேசுபவர் அங்கும் வெல்வதுண்டு. காணி உரித்தில்லாது குத்தகைக்குச் செய்பவனின் குரல் பின்வரிசையிலேயே நின்றுவிடுவதும் உண்டு. ஆயினும், முடிவு அறிவிக்கப்படுமுன் கேட்கப்படும் உரிமை என்ற ஒன்று அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கின்றது. அதன் வலிமையை 2010களில் நாம் கண்டோம். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியோடு முன்வைக்கப்பட்டபோது, எமது சிறுபோக நீருக்கு என்ன உத்தரவாதம் என்று கிளிநொச்சி விவசாயிகள் கேட்டனர். யாழ்ப்பாணத்தாரின் தாகமும் மெய்யானது, விவசாயியின் அச்சமும் மெய்யானது. அவ்விவாதத்திற் கசப்பு மிகுந்தது. இறுதியில் வடமராட்சி கிழக்கிலே தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. யார் சொன்னது சரி என்பது இங்கு நமது வினாவன்று. நீரைப் பயன்படுத்துவோர் ‘பிடிக்காவிட்டால் வேறு குளத்துக்குப் போங்கள்’ என்ற பதிலைப் பெறவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

விளையாட்டு உலகிலும் இதற்கு ஒப்பானவை இல்லாமலில்லை. இங்கிலாந்திற் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஜாஜெக்ஸ் நிறுவனத்தின் றூன்ஸ்கேப் என்னும் விளையாட்டின் வரலாறு இவ்வகையில் விரிவாக நோக்கற்பாலது. விளையாட்டுக்குள் ஈட்டும் பொன்னை வெளியே மெய்ப்பணத்துக்கு விற்கும் கூட்டத்தாரை ஒழிக்கவென்று, 2007 டிசெம்பர் தொடங்கி அந்நிறுவனம் ஆடுவோர் தமக்குள் தடையின்றிப் பண்டமாற்றுச் செய்வதையும், ‘வனாந்தரம்’ எனப்பட்ட பகுதியில் ஒருவரோடொருவர் பொருதுவதையும் நீக்கியது. நோக்கம் நியாயமானதே. ஆனால் திருடனைப் பிடிக்கச் சந்தையையே மூடியது போன்றதொரு செயல் அது. நண்பனுக்கு ஒரு வாளைப் பரிசளிக்கவும் இயலாது போயிற்று. ஆடுவோர் விளையாட்டுக்குள்ளேயே திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர், பெருந்தொகையினர் விலகினர். மூன்று ஆண்டுகளின் பின்னரே நிறுவனம் வாக்கெடுப்பு நடத்தியது. பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. பத்தில் ஒன்பதுக்கும் மேலானவை பழைய முறை மீளவேண்டுமென்றன. 2011 பெப்ரவரியில் அது மீண்டது.

அந்நிறுவனம் கற்ற பாடம் அத்தோடு நிற்கவில்லை. 2013இல் 2007ஆம் ஆண்டுக்குரிய பழைய வடிவத்தைத் தனி விளையாட்டாக மீண்டும் வெளியிட்டபோது, புதிதாக எதைச் சேர்ப்பதாயினும் ஆடுவோரின் வாக்கைப் பெறுவது என்றும், நூற்றுக்கு 75 பேர் இசைந்தாலன்றிச் சேர்ப்பதில்லை என்றும் விதி வகுத்தது. 2022இல் அவ்வெல்லை 70 ஆகக் குறைக்கப்பட்டது. ‘ஆடுவோருக்கு என்ன வேண்டுமென்று அவர்களுக்கே தெரியாது’ என்ற கோட்பாடு மெய்யாயின், இவ்விளையாட்டு ஓரிரு ஆண்டுகளிற் சீரழிந்திருக்கவேண்டும். மாறாக, நிறுவனம் முன்னின்று வளர்த்த புதிய வடிவத்தைக் காட்டிலும் வாக்கினால் வளர்ந்த பழைய வடிவமே கூடிய மக்களை ஈர்க்கலாயிற்று.

ஐஸ்லாந்து நாட்டின் சீசீபீ நிறுவனத்தின் ஈவ் ஒன்லைன் இன்னொரு சான்று. 2007இல் அந்நிறுவன ஊழியர் ஒருவர் தாம் சார்ந்த ஆட்டக்குழுவுக்கு மறைவாக அரிய பொருள்களை வழங்கியமை வெளிப்பட்டது. நடுவரே ஓர் அணிக்கு ஆடினார் என்றால் மைதானம் என்னாகும்? நம்பிக்கையை மீட்க 2008இல் ஆடுவோரே தம்முள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் மன்றமொன்று அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினர் றெய்க்கியாவிக் நகருக்கு அழைக்கப்பட்டு ஆக்குநரோடு நேரில் விவாதித்தனர். இருந்தும் 2011இலே அந்நிறுவனம் மீண்டும் இடறிற்று. விளையாட்டுப் பாத்திரம் ஒற்றைக் கண்ணுக்கு அணியும் ஆடியொன்றின் விலை அறுபது டொலருக்கு மேல் என்ற செய்தியோடு, பேராசை நன்றா என வினவும் தலைப்போடு வந்த நிறுவன உள்மடலும் வெளியே கசிந்தது. ஆடுவோர் சொல்வதை அதிகம் பொருட்படுத்தாது அவர் செய்வதையே பார்ப்போம் என்ற கருத்தில் நிறைவேற்று அதிகாரி எழுதிய மின்னஞ்சலும் கசிந்தது. அவர் செய்வதைப் பார்ப்போம் என்றார். ஆடுவோரும் செய்து காட்டினர். விளையாட்டினுள் வணிக மையத்திலிருந்த நினைவுச்சின்னத்தை ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்துநின்று சுட்டனர். பலர் சந்தாவை நிறுத்தினர். அவ்வாண்டு ஒக்ரோபரிலே அதே அதிகாரி பகிரங்கமாக மன்னிப்புக் கோரி எழுதினார். நிறுவனம் ஊழியரில் ஐந்திலொரு பங்கினரைக் குறைத்ததும் அம்மாதத்திற்றான். மேலே இருப்போர் கேளாமைக்கு விலை கொடுத்தவர் கீழே இருந்த தொழிலாளர் என்பதை இடதுசாரி வாசகர் மட்டுமல்ல, எவரும் மனங்கொள்ளலாம்.

யப்பானிய ஸ்குவெயர் எனிக்ஸ் நிறுவனம் தோல்வியுற்ற தன் பைனல் பான்ரசி 14ஐ 2012இல் மூடி 2013இல் மீளக் கட்டியபோது, அதன் தயாரிப்பாளர் யோஷிடா நவோகி ஆடுவோருக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினார். நேரலையிலே தோன்றி வினாக்களுக்கு விடையிறுத்தார். இதனையும் ஒருவாறு சேர்த்துக்கொள்ளலாம். ஆயின் கடிதம் எழுதுவது வேறு, வாக்குக் கேட்பது வேறு. நல்லெண்ணம் கொண்ட அரசனின் மடலும் அரசனின் மடலே.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மேலே கூறியவையெல்லாம் ஆங்கிலமும் யப்பானிய மொழியும் பேசும், கடனட்டை வைத்திருக்கும் ஆடுவோர்க்குக் கிடைத்தவை. தென்னாசியாவிலே நிலைமை என்ன? 2020 செப்ரெம்பர் 2ஆந் திகதி இந்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தபோது பப்ஜியும் அதிலடங்கியது. தடைக்குக் காரணம் அரசியல். அதற்கு ஆக்குநர் பொறுப்பல்லர். ஆனால் அதன் பின்னர் நடந்தது நோக்கத்தக்கது. கொரியாவின் கிறாவ்ரன் நிறுவனம் 2021 யூலையிலே வேறு பெயரில் அதனை மீளக் கொணர்ந்தது. 2022 யூலையில் அதுவும் கடைகளிலிருந்து மறைந்தது. 2023 மே மாதத்தில் மீண்டும் தோன்றியது. 2022 பெப்ரவரியில் தடையுண்ட பிறீ ஃபயரின் கதை இன்னும் விசித்திரமானது. 2023 செப்ரெம்பர் 5 அன்று மீண்டும் வருமென்று கிரிக்கெற் வீரர் தோனியை முன்னிறுத்தி அறிவித்த கரீனா நிறுவனம், முதல்நாள் அதனைச் சில வாரங்களுக்கு ஒத்திவைப்பதாகக் கூறிற்று. சில வாரங்கள் மாதங்களாயின. 2024ஆம் ஆண்டு முழுவதும் கழிந்தும் அது வரவில்லை. குளம் எப்போது திறக்கும் என்று தெரியாத விவசாயி நாற்றுமேடையையே போடமாட்டான். இளைஞரோ காத்திருந்தனர்.

ஆக்குநர் மௌனம் சாதிக்கும் வெளி வெறுமையாய் இருந்துவிடுவதில்லை. அதனை யூரியூப் நேரலையாளர் நிரப்புகின்றனர். புதிய இற்றைப்படுத்தல் எப்போது வரும், எந்த ஆயுதம் வலுவிழந்தது என்பவற்றைத் தமிழிற் சொல்பவர் அவர்களே. அவர்களுள் பண்பாளர் பலர் உளர். ஆனால் 2021 யூனிலே தமிழ்நாட்டில் பப்ஜி நேரலை நடத்திவந்த ஒருவர், ஆபாசப் பேச்சுத் தொடர்பான குற்றச்சாட்டிற் கைதானதையும், அவரது பார்வையாளருட் சிறுவர் பெருந்தொகையினராய் இருந்தமை பேசப்பட்டதையும் நாம் மறக்கலாகாது. ஆக்குநர் தமிழிற் பேசியிருந்தால் அத்தகையோர் தோன்றியிருக்கமாட்டார் என்று கூறுவது மிகையாகும்; ஆனால் தமிழிற் செய்தி தேடும் சிறுவனுக்கு வேறு வாசலும் இருந்திருக்கும்.

இலங்கையர் இன்னும் ஒருபடி கீழே. 2024 மே மாதத்து நிகழ்ச்சி ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டும். சுவீடனின் ஆரோஹெட் நிறுவனம் ஆக்கிச் சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 என்னும் விளையாட்டு, அவ்வாண்டு பெப்ரவரியில் வெளிவந்து உலகெங்கும் விற்றது. மூன்று மாதம் கழிந்தபின், கணினியில் ஆடுவோரும் சோனியின் வலையமைப்பிற் கணக்கு வைத்திருந்தாலன்றி ஆடமுடியாது என்ற அறிவித்தல் வந்தது. ஆனால் அவ்வலையமைப்பு எழுபது நாடுகளளவிலேயே கணக்கு வழங்கியது. வழங்கப்படாத நாடுகளுள் இலங்கையும் ஒன்று. காசைப் பெற்றுக்கொண்டு பொருளைக் கொடுத்தபின், உன் நாட்டுக்கு வாசல் இல்லை என்பதை இதைவிட வெளிப்படையாகக் கூறமுடியாது. மூன்றே நாளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன, சோனி பின்வாங்கியது. நமக்காக அமெரிக்கரும் ஐரோப்பியரும் குரல்கொடுத்தமை பாராட்டுக்குரியது. எனினும் அதற்கிடையில் 177 நாடுகளிலும் பிரதேசங்களிலும் விற்பனை நிறுத்தப்பட்டுவிட்டது. பணக்கார நாட்டினன் சினந்தால் மூன்று நாளில் முடிவு மாறுகின்றது. நமது சினம் அவர் கணக்கேட்டில் ஒரு வரியாகவும் பதிவதில்லை.

இதனிலும் சிறியதாயினும் நம் பையன்களை நேரே தொடுவது ஒன்றுண்டு. தரவரிசைப் போட்டியின் நடுவே வெளியேறுபவருக்குப் புள்ளி வெட்டுவதும் சில காலம் ஆடவிடாது தடுப்பதும் பல விளையாட்டுகளின் விதி. அணியைக் கைவிட்டு ஓடுபவனைத் தண்டிப்பது நீதியே. ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. கோபுரத்தின் மின்கலம் வடிந்து அலைவரிசை அறுந்தால் ஆட்டம் அறும். தொலைவிலுள்ள வழங்கிக்கு ஒட்டுசுட்டானில் மின்வெட்டால் இணைப்பை இழந்தவனும், தோற்பதற்கு அஞ்சி ஓடியவனும் ஒருவனே. தரவு பார்த்தாற் போதும், ஆளைக் கேட்கவேண்டியதில்லை என்போர் இங்கே என்ன கூறுவர்? தரவு ‘வெளியேறினான்’ என்று மட்டுமே சொல்லும். ஏன் என்பதை ஆளே சொல்லவேண்டும். சொல்வதற்கு அவனுக்கு விளங்கும் மொழியிலே ஓரிடம் வேண்டும்.

எதிர்வாதமொன்று வலுவானது, அதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையன்று. ஆடுவோரோடு பேசப்போன ஆக்குநர் பெற்ற வசைகளும் கொலை மிரட்டல்களும் கொஞ்சமல்ல. நோ மான்ஸ் ஸ்கை என்னும் விளையாட்டின் வெளியீடு 2016இற் சில வாரங்கள் பிந்தியதற்கே அதன் தலைமை ஆக்குநர் உயிர்மிரட்டல் பெற்றார். வெளிவந்தபின் வாக்குறுதி பல நிறைவேறவில்லை என்ற குற்றச்சாட்டு எழ, அச்சிறு நிறுவனம் பல மாதம் வாய்திறவாது உழைத்து, இற்றைப்படுத்தல்களை ஒன்றன்பின் ஒன்றாக இலவசமாக வெளியிட்டு இழந்த பெயரை மீட்டது. மௌனமே நன்று என்பதற்கு இதனைச் சான்று காட்டுவர். நாம் இதனை வேறுவிதமாக வாசிக்கின்றோம். அங்கே தீங்கு விளைத்தது உரையாடலன்று, விற்பனைக்கு முன் அளவிறந்து வழங்கிய வாக்குறுதி. விளம்பரத்தை உரையாடலென மயங்குதல் இத்துறையின் பழைய நோய்.

2018 யூலையில் அமெரிக்காவின் அரீனாநெற் நிறுவனத்தில் நடந்தது மற்றொரு வகை. கதை எழுதும் பெண்ணொருவர் தம் தொழிலைப் பற்றித் தமக்கே போதித்த ஆட்டக்காரருக்குச் சமூக ஊடகத்திற் கடுமையாகப் பதிலளித்தார். சக எழுத்தாளர் ஒருவர் அவருக்காகப் பேசினார். ஆடுவோர் சிலர் கொதித்தெழ, இருவரும் வேலை நீக்கப்பட்டனர். ஆடுவோரின் வெற்றி என்று இதனைக் கொண்டாடியவர் ஏமாளிகள். எழுதுபவனும் ஆடுபவனும் மோதிக்கொள்ள, விதியையும் விலையையும் தீர்மானிப்பவன் இருவருக்கும் அப்பால் அமர்ந்திருக்கின்றான். ‘சமூக முகாமையாளர்’ என்ற பெயரிற் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்தப்படும் இளைஞர், முடிவெடுக்கும் அதிகாரம் எதுவுமின்றி வசையை மட்டும் வாங்கிக்கொள்ளும் மதகாக நிறுத்தப்படுகின்றார். வசை பெருகுவதற்கு இவ்வமைப்பே பெருங்காரணம். கேட்பவருக்கு மாற்றும் அதிகாரம் இல்லையென்று தெரிந்தால் கேட்பவன் கூச்சலிடவே செய்வான். பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குத் தீர்மானிக்கும் தத்துவமில்லாத எழுதுவினைஞரை மட்டும் அனுப்பிவைத்தால் அங்கும் கதிரைகள் பறக்கும்.

மூடுவிழாவைப் பற்றியும் ஒரு சொல். யூபிசொவ்ற் நிறுவனம் 2014இல் விற்ற த குறூ என்னும் விளையாட்டின் வழங்கிகளை 2024 மார்ச் 31இல் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர் தனியேகூட ஆடமுடியாது போயிற்று. அதன் விளைவாக எழுந்த இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்திலே 2025 யூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது. குளத்தைக் கைவிடும்போதும் ஊரைக் கேட்கவேண்டும் என்பதே அவர்களது கோரிக்கையின் சாரம்.

இவையெல்லாம் பெருநாட்டுப் பெருங்கம்பனிகளின் விடயம், நமக்கென்ன என்று மாணவர் எண்ணலாகாது. அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் உள்ளன. பம்பைமடுவிலே 2021 ஓகஸ்ற் முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்து இயங்குகின்றது. ரொறன்ரோவின் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு, தமிழ்க் குடும்பமொன்றின் சமையலைப் பொருளாகக் கொண்டு ஆக்கிய ‘வெண்பா’, 2023இல் வெளிவந்து அடுத்த ஆண்டு பிரித்தானியாவின் பாஃப்ரா விருதைப் பெற்றது. ஆகவே ஆக்குவோராக நாமும் மாறும் காலம் தொலைவிலில்லை. வெண்பா தனியே இருந்து ஆடுவது. ஒருமுறை செய்தால் முடிந்தது. பலர் கூடி ஆடும் விளையாட்டைக் கட்டுபவர்க்கோ கட்டிமுடித்த நாளிற்றான் கடமை தொடங்குகின்றது.

நம் மாணவர் பலரிடம் ஒரு பழக்கம் காணப்படுகின்றது. பயன்படுத்துவோரின் தேவை என்ற தலைப்பின்கீழ்ச் செயற்றிட்ட அறிக்கையில் இரண்டு பக்கம் எழுதுவர். அவ்விரண்டு பக்கமும் விடுதி அறையிலே பிறந்தவையாய் இருக்கும். எவரையும் கேட்டிருக்கமாட்டார்கள். இதனை விரிவுரையாளரும் கண்டும் காணாதுவிடுகின்றனர். தமிழில் விதிகளை எழுதுங்கள் என்றால், கலைச்சொல் இல்லை என்ற சாட்டு வரும். வாய்க்காற் கட்டுப்பாட்டையும் முறைவைத்து நீர் பாய்ச்சுவதையும் நூற்றாண்டுக் கணக்காகத் தமிழிற் பேசித் தீர்த்த ஊர்களிலே, ஓர் ஆயுதத்தின் வலுவைக் குறைத்ததற்கான காரணத்தைச் சொல்லத் தமிழில்லை என்பது நகைப்புக்குரியது.

நாளை அறிவியல்நகரிலிருந்தோ பம்பைமடுவிலிருந்தோ ஒரு குழுவினர் இணைய விளையாட்டொன்றை வெளியிடுவாராயின், அதன் முதல் ஆட்டக்காரர் புதுக்குடியிருப்பிலும் நெடுங்கேணியிலும் பூநகரியிலும் இருப்பர். எல்லாம் ஒரு நாளிற் பஸ்ஸிற் போய்வரும் தூரம். விதியை மாற்றுமுன் அவர்களைக் கூட்டிக் கேட்பதற்கு ஒரு பாடசாலை மண்டபமும் ஒரு சனிக்கிழமையும் போதும்.